குழந்தைகளின் மனநலத்துக்காக ஒரு தொண்டு நிறுவனம்: பதிவு செய்வதற்கு முன்

சென்னை பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஈராண்டாக வார இறுதிகளில் பாடம் சொல்லிக்கொடுத்துவரும் நண்பர்கள் நால்வர், அங்குள்ள குழந்தைகளின் மனநலத்துக்காக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அறக்கட்டளையாகப் பதிவதா சங்கமாகப் பதிவதா, நிதிக்கு எங்கே போவது, மனநல மருத்துவர் ஒருவரை முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். தென்சென்னையின் வேறொரு மறுகுடியமர்வுப் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகள் இதே வேலையைச் செய்த மனநல சமூகப் பணியாளர் நான். உங்கள் கேள்விகளின் வரிசையைச் சற்று மாற்றிக்கொண்டு பதில் சொல்கிறேன். பதிவு கடைசியில் வரும், ஏனெனில் அது உண்மையிலேயே கடைசியில் செய்ய வேண்டியது.

நான் அந்தப் பகுதிக்குப் போன முதல் நாள், நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் என் பெயரைக் கேட்கவில்லை. "நீங்க எத்தன மாசம் மிஸ்?" என்று கேட்டான். அவன் குரலில் குறும்போ கோபமோ இல்லை. கல்லூரியிலிருந்து களப்பயிற்சிக்கு வருகிறவர்கள் மூன்று மாதம், கம்பெனித் தன்னார்வலர்கள் ஒரு நாள், திட்ட அலுவலர்கள் ஓராண்டு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னை எந்தக் கணக்கில் வைத்துக்கொள்வது என்பதைத்தான் அவன் தெரிந்துகொள்ள விரும்பினான். நீங்கள் எடுக்கப்போகும் எல்லா முடிவுகளையும் அந்தப் பையனின் கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு எடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவதன் மையம்.

காரணத்தைச் சொல்கிறேன். தென்சென்னையின் கண்ணகி நகரில் 2000-ஆம் ஆண்டு முதலும், பெரும்பாக்கத்தில் குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், கூவம், அடையாறு கரைகளிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. பல குடும்பங்கள் வந்தது கல்வியாண்டின் நடுவில். ஒரே வாரத்தில் பள்ளி, தெரு, கோயில், பக்கத்து வீட்டு ஆயா, விளையாட்டுக் கூட்டாளி என்று எல்லாவற்றையும் இழந்த குழந்தைகள் இவர்கள். 20, 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பழைய பகுதிக்கே வீட்டுவேலைக்குப் போகும் தாய் விடிவதற்குள் ஷேர் ஆட்டோ பிடித்தால், திரும்புவது இருட்டிய பிறகுதான். இழப்பே நோயின் வேராக இருக்கும் இடத்தில், அன்பாகப் பேசிப் பழகிவிட்டு ஆறே மாதத்தில் காணாமல்போகும் இன்னொரு பெரியவர், எந்த உதவியும் செய்யாதவரைக் காட்டிலும் அதிகக் கேடு செய்துவிடுகிறார். மூன்றாவது முறை ஏமாந்த குழந்தை நான்காவதாக வருபவரிடம் வாய் திறப்பதில்லை. "இந்தப் பிள்ளை ஒத்துழைப்பதில்லை" என்று அதன் கோப்பில் அப்போது எழுதப்படுகிறது.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. கிராமப்புறத்தில் 6.9 ஆக இருந்த இந்த அளவு பெருநகரங்களில் 13.5. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-இல் பதிவு செய்த மாணவர் தற்கொலைகள் 13,044. நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது இவை பயன்படும். ஆனால் உங்கள் பிளாக்கில் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இவை சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவர் அந்தப் பிளாக்கிலேயே குடியிருக்கும் ஒரு பெண். மனநல மருத்துவரை முதலில் சேர்க்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: முதல் பணியாளர் அங்கேயே வசிப்பவராக இருக்கட்டும். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தவராக, மகளிர் குழுவிலோ இல்லம் தேடிக் கல்வியிலோ வேலை செய்த அனுபவம் உள்ளவராக, குறுக்கே பேசாமல் காதுகொடுத்துக் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். பட்டம் இல்லாதவரிடம் குழந்தைகளின் மனத்தை ஒப்படைப்பதா என்று உங்களுக்குத் தோன்றலாம். பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில், மனநலப் பணி செய்யும் சங்கத் என்ற தொண்டு அமைப்பு நடத்திய சேஹர் என்ற ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், சில பள்ளிகளில் இதற்கென்றே அமர்த்தப்பட்ட, மனநலப் பட்டம் இல்லாத ஆலோசகர்களும் நடத்தினார்கள். முடிவுகள் 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டு, மனச்சோர்வும் கேலி, அடிதடிகளும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. பாடத்தையும் தேர்வையும் தேர்தல் பணியையும் சுமக்கும் ஒருவருக்குக் கூடுதல் வேலையாகத் தரப்படும் எதுவும் வேரூன்றுவதில்லை. அடிக்கக் கையோங்கியவரிடமே மனம்விட்டுப் பேசவும் ஒரு பிள்ளையால் முடியாது.

எங்கள் பணியாளர் ஒருவரிடமிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுதுகொண்டிருந்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். தாய் "பயந்த கோளாறு" என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்றார் ஆசிரியர். நானோ, தாயைப் பிரிவதால் வரும் பதற்றமாக இருக்கலாம் என்று என் நோட்டில் எழுதிவைத்தேன். அதே பிளாக்கின் மூன்றாம் மாடியில் குடியிருந்த எங்கள் பணியாளர் ஒரு வாரம் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து படிக்கட்டில் நின்று பார்த்தார். அம்மா வேலைக்குப் போன பிறகு, இரண்டு வயதுத் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் விடுவதற்காக ஏழாம் மாடியிலிருந்து கீழ்த்தளம்வரை அவன் இறங்கி வர வேண்டியிருந்தது. லிப்ட் பழுதாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. படிக்கட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஐந்தாம் மாடித் திருப்பத்தில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சிலர் அவனை மிரட்டுவார்கள். குடியிருப்போர் சங்கத்துப் பெண்களிடம் பேசி, படிக்கட்டில் பல்பு மாட்ட வைத்து, எதிர்வீட்டுப் பாட்டி அவனோடு இறங்கி வர ஏற்பாடு செய்த பிறகு வயிற்றுவலி மெல்லக் குறைந்தது. பயம் முழுவதும் போய்விடவில்லை. அதற்காக அவனோடு எட்டு வாரம் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. ஆனால் இருட்டுப் படிக்கட்டை அப்படியே விட்டுவிட்டு அவனுக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் அது அவனுக்கு நாங்கள் இழைத்த அநியாயமாக இருந்திருக்கும்.

இந்தப் பணியாளரைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். தொடக்கத்தில் ஒரு மாதமாவது முறையான பயிற்சி, பிறகு ஒவ்வொரு வாரமும் தவறாமல் இரண்டு மணி நேர வழிகாட்டல் அமர்வு அவருக்குத் தேவை. அந்த வழிகாட்டலுக்குத்தான் தகுதி பெற்ற உளவியலாளர் வேண்டும். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஆலோசகர் என்ற பலகையை இன்று யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள். பகலெல்லாம் பிறர் துயரம் கேட்கும் பெண், மாலையில் அதே பிளாக்குக்குத்தான் திரும்புகிறார். அவர் வீட்டிலும் அதே தண்ணீர்ப் பஞ்சமும் அதே குடிகாரக் கணவரும் இருக்கலாம். வழிகாட்டல் இல்லாத இடங்களில் மிக நல்ல பணியாளர்கள்தாம் முதலில் களைத்து விலகுகிறார்கள். அப்போது, எத்தனை மாதம் என்று என்னிடம் கேட்ட அந்தப் பையனின் கணக்கில் இன்னும் ஒருவர் கூடிவிடுவார்.

அடுத்தது, எதைச் செய்யக் கூடாது என்பது. தொடங்கிய உற்சாகத்தில் நாங்கள் ஒரு பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் எஸ்.டி.க்யூ. என்ற, குழந்தைகளின் மனநிலையையும் நடத்தையையும் அறிய உதவும் 25 கேள்விகள் கொண்ட வினாத்தாளைக் கொடுத்துக் கணக்கெடுத்தோம். தமிழிலும் கிடைக்கும் நல்ல கருவிதான் அது. கவனிக்க வேண்டிய பிள்ளைகள் என்று ஏராளமான பெயர்கள் வந்தன. அவர்களைப் பார்க்க எங்களிடம் இருந்தவர் ஒருவர் மட்டுமே. பட்டியல் எப்படியோ ஆசிரியர் அறையின் மேசைக்குப் போய், அங்கிருந்து வகுப்புக்கும் போய்விட்டது. ஒரு தாய் என்னிடம் வந்து, "எம்புள்ளய கீழ்ப்பாக்கம் கேஸ்னு கூப்புடறாங்க, நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். 1794-இல் தொடங்கிய, இன்றும் ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை தரும் ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயர் சென்னையில் வசைச்சொல்லாக இருப்பதை நான் அறியாதவளல்லள். அந்தச் சொல்லை ஒரு குழந்தையின் முதுகில் ஒட்டியதில் என் கைக்கும் பங்கு இருந்தது. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன்; அவர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். உதவிக்கு ஆளில்லாத இடத்தில் கணக்கெடுக்காதீர்கள். முதல் ஆண்டில் ஒரே பள்ளி அல்லது இரண்டே பிளாக்குகள், இருபத்தைந்து முப்பது குழந்தைகள் போதும்.

அந்த முப்பது பேரில் பெரும்பாலோருக்கு மருத்துவர் தேவைப்படாது. மாலை நேரத்தில் பாதுகாப்பாக இருக்க ஓர் அறை, வாரத்தில் குறித்த நாளில் வரும் ஓர் அக்கா, விளையாட்டு, படம் வரைதல், சண்டையைப் பேசித் தீர்க்கக் கற்றுக்கொடுத்தல், தாயோடு பத்து நிமிடப் பேச்சு ஆகியவையே அவர்களுக்குப் போதுமானவை. ஆனால் ஒரு சிலருக்கு உண்மையிலேயே சிகிச்சை வேண்டும். தூக்கம் கெட்டுப் பல வாரமாக யாரோடும் பேசாதவர்கள், கையைக் கீறிக்கொள்பவர்கள், வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ளவர்கள், சாகப்போகிறேன் என்று சொல்பவர்கள் இவர்களில் அடங்குவர். பதிவு எண் வாங்கும் முன்பே இவர்களுக்கான வழியை நீங்கள் நடந்து பார்த்துவிட வேண்டும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ ஒரு தாயோடு பேருந்தில் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருந்தோடு திரும்பி வாருங்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது, அவருக்கு எவ்வளவு கூலி நட்டம் என்பது அப்போதுதான் புரியும். இரண்டாம் முறை அவர் ஏன் வரவில்லை என்று பிறகு வியப்படைய மாட்டீர்கள். அந்தப் பயணச் செலவையும் கூலி இழப்பையும் உங்கள் திட்ட மதிப்பீட்டில் ஒரு தலைப்பாகவே சேருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமையில் எங்கே பார்க்கிறார் என்று கேட்டு, நேரில் சந்தித்துப் பேசிவையுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் நீங்களே ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் அறைச் சுவரில் எழுதுங்கள்.

சட்டத்தில் ஓர் இடத்தில் தவறவே கூடாது. குழந்தையின் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது யாருக்கும் கட்டாயம். தவறினால் தண்டனை உண்டு. ஆகவே "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியை உங்கள் பணியாளர் எந்தக் குழந்தைக்கும் தரக்கூடாது. முதல் நாளே சொல்லிவிட வேண்டியதை நாங்கள் இப்படி வைத்திருந்தோம்: "நீ சொல்றத நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா ஒன்ன யாராச்சும் தப்பா தொட்டாலோ, அடிச்சாலோ, இல்ல நீயே ஒன்ன ஏதாச்சும் பண்ணிக்கணும்னு நெனச்சாலோ, ஒனக்கு ஒதவி செய்யறவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட குழந்தைகளும் உண்டு. பிறகு அவர்களாகவே வந்து சொன்னதும் உண்டு. புகார் கொடுத்த பிறகு குடும்பம், பிளாக், சில நேரம் பகுதியின் செல்வாக்குள்ளவர்கள் எல்லோருமே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். பணியாளர் அங்கேயே குடியிருப்பவர் என்பதால், புகாரில் கையெழுத்திடுவது எப்போதும் நிறுவனத்தின் பொறுப்பாளராகிய நீங்கள்தான் என்று முன்கூட்டியே எழுத்தில் வைத்துவிடுங்கள். உங்களோடு வேலை செய்யும் ஒவ்வொருவரின் பின்னணியையும் விசாரியுங்கள். மூடிய அறையில் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக்கூடாது என்ற விதி, நிறுவனர்களாகிய உங்கள் நால்வருக்கும் சேர்த்தே பொருந்தட்டும்.

புகைப்படங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நன்கொடையாளர் கேட்பார், அழுகிற முகம் பணம் கொண்டுவரும் என்று யாராவது ஆலோசனையும் சொல்வார்கள். மனநல உதவி பெறும் குழந்தையின் முகத்தை எந்த அறிக்கையிலும் போடாதீர்கள். பத்து வயதில் எடுத்த படம் அவளுடைய இருபத்தைந்தாம் வயதில் பெண்பார்க்க வருபவரின் கைப்பேசியில் இருக்கும். அவர்கள் வரைந்த ஓவியத்தைக்கூட அவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டே பயன்படுத்துங்கள்.

பணத்துக்கு வருகிறேன். இது என் மனக்கணக்கு. உங்கள் பகுதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். உள்ளூர்ப் பணியாளர் இருவருக்கு மாதம் 16,000 வீதம் 32,000 ரூபாய், வாராந்தர வழிகாட்டலுக்கு 12,000, அறை வாடகைக்கு 8,000, குடும்பங்களின் பயணத்துக்கும் கூலி இழப்புக்கும் 5,000 என்று வைத்தால், மாதம் 57,000, ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஈராண்டுச் செலவு கையிலோ உறுதியான வாக்குறுதியாகவோ இல்லாமல் முதல் குழந்தையிடம் போகாதீர்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நம்பித் தொடங்கவும் வேண்டாம். ஏற்கெனவே மூன்றாண்டு பணி செய்த அமைப்புகளுக்குத்தான் பொதுவாக அது கிடைக்கும். கிடைத்தாலும் நிதியாண்டோடு கட்டப்பட்டது. மார்ச்சில் முடிந்து, அடுத்த தவணை ஆகஸ்டில் வரும்போது நடுவிலிருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் இருக்காது. வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவுக்கும் மூன்றாண்டுப் பணியும், அந்தக் காலத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் கேட்கிறார்கள். ஆக, முதல் மூன்றாண்டுக்கு உங்களைத் தாங்கப்போவது மாதம் 500, 1,000 என்று தரும் நூறு மனிதர்கள்தாம். அலுவலக நண்பர்கள், கல்லூரி வகுப்புத் தோழர்கள், உறவினர்கள் என்று அவர்களைத் திரட்டுவதில் ஆறு மாதம் செலவழித்தால் அது வீண் அல்ல.

இனிப் பதிவு. சங்கத்துக்கு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, மாவட்டப் பதிவாளரிடம் கணக்கு என்று ஒழுங்குகள் உண்டு. அறக்கட்டளையை நீங்கள் நால்வருமே ஒரு பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம். நிறுவனச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின் கீழ் கம்பெனியாகப் பதிந்தால் மதிப்பு அதிகம், ஆடிட்டர் செலவும் அதிகம். உங்கள் நிலைக்கு அறக்கட்டளை போதும். ஆனால் பத்திரம் எழுதுபவர் வழக்கமாக வைத்திருக்கும் மாதிரியில், நிறுவனர்கள் ஆயுள்கால அறங்காவலர்கள் என்று இருக்கும்; அதை ஏற்காதீர்கள். ஐந்தாண்டுப் பதவிக்காலம் என்று எழுதுங்கள். அறங்காவலர்களில் இருவராவது அந்தக் குடியிருப்பில் வாழ்பவர்களாக இருக்கட்டும். பிறகு நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு, வருமானவரி விலக்குப் பதிவு, நன்கொடையாளருக்கான வரிச்சலுகைப் பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கு நீதி ஆயோக் தரும் தர்பண் எண் என்று வரிசையாகப் போகும். 12ஏபி, 80ஜி என்று நாம் பழகிய பிரிவு எண்கள் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டத்தில் மாறிவிட்டதால், விண்ணப்பிக்கும் நாளில் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

எந்த வேலையை எடுத்துக்கொள்வது என்பதிலும் குறுகலாக இருங்கள். சென்னையிலேயே முன்னோர் இருக்கிறார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவு நோய்க்காகவும், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய ஸ்நேகா தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவரின் பேச்சைக் கேட்பதற்காகவும், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தொடங்கிய பான்யன் வீடற்றுத் தெருவில் திரிந்த மனநலம் பாதித்த பெண்களுக்காகவும் பிறந்தவை. ஒவ்வொன்றும் ஒரே துயரத்தை எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் அதிலேயே நின்றது. உங்களிடம் டியூஷன், சத்துணவு, வேலைவாய்ப்பு என்று பல கோரிக்கைகள் வரும், அவை நியாயமாகவும் இருக்கும். கேட்பவர்களை, அந்த வேலைகளைச் செய்யும் அமைப்புகளோடு சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, பணியாளர் விலகும் நாளுக்கான ஏற்பாடு. திருமணம், பிரசவம், நல்ல சம்பளம் என்று அவர்களும் போவார்கள், போகத்தான் வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் ஒப்பந்தத்தில் எழுதினோம். முதல் மாதம் புதியவர் கூடவே உட்கார்ந்திருப்பார். இரண்டாம் மாதம் பழையவர் புதியவரை ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிப்போவார். குழந்தைகளிடம் தேதியை மறைக்க மாட்டோம். சுவரிலிருக்கும் நாட்காட்டியில் அவர்களே வட்டம் போடுவார்கள். அந்த நாளன்று கேசரி செய்து, யார் யாருக்கு எது பிடிக்கும், யாரை எப்படிக் கூப்பிட்டால் கோபம் வரும் என்று குழந்தைகளே புதிய அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் நாள் என்னிடம் கேள்வி கேட்ட பையன், அப்படி ஒரு நாளில், எட்டாம் வகுப்பு படிக்கும்போது, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் அறையின் பூட்டு எந்தப் பக்கம் இறுகும் என்று புதியவருக்குத் திறந்து காட்டினான்.